பூசைக்குப் பிறகு போட்ட காப்புரிமை

எதிர்ப்பு மனு மின்னஞ்சலில் வந்தபோது, அதன் முதல் சான்றாக இருந்தது என் தாய்மாமாவின் முகம்.

காணொளியிலிருந்து வெட்டி எடுத்த படம். எம்.ரெட்டியபட்டியில் எங்கள் ஊர்க் கோயில் வாசலில், தோளில் துண்டோடு, வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். பக்கத்தில் நான் செய்த சைக்கிள். ஹேண்டில் பாரில் செவ்வந்தி மாலை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். படத்தின் ஓரத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தார்கள். அது மாமாவைக் காட்டவில்லை. பின் சக்கரத்துக்கு மேலே நான் வைத்திருந்த சிறு இணைப்புத் தண்டைக் காட்டியது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கோயம்புத்தூரில் விலையுயர்ந்த மலைச் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தேன். பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த சைக்கிளில் ஒரு தொல்லை உண்டு. பள்ளத்தில் சுகமாகப் போகும். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கக் குதிக்கும். காலின் பலத்தை ஸ்பிரிங் தின்றுவிடும். தண்டு மடங்குகிற மூட்டு எங்கே இருக்க வேண்டும், எத்தனை தண்டு, என்ன கோணம் என்று உலகம் முழுக்கக் கம்பெனிகள் இதற்காகத்தான் ஒன்றின்மேல் ஒன்று வழக்குப் போட்டுக்கொண்டிருக்கின்றன. நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். சங்கிலி இழுக்கும்போது அந்த இழுப்பையே எதிர்த்து உதைக்கிற ஒரு தண்டு. பாளையம்பட்டியில் ஒரு வெல்டிங் பட்டறையில் இடம் கேட்டு வாங்கி, வேலையை விட்டுவிட்டு வந்து செய்தேன்.

"மலையே இல்லாத ஊருல மலைச் சைக்கிளு எதுக்குலே?" என்று கேட்காத ஆள் இல்லை. மழை பெய்து காய்ந்த கரிசலில் டிராக்டர் தடம் இறுகிக் கிடப்பதை அவர்கள் பாதை என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். எந்த மலையும் அதற்கு ஈடாகாது.

வண்டி ஓடத் தொடங்கியதும் வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை. எங்கள் பக்கம் புது டிராக்டரோ மோட்டாரோ, எது வந்தாலும் முதலில் கோயில் வாசலுக்குப் போகும். பூசை போட்டு, கோயிலைச் சுற்றி ஓட்டிக் காட்டிய பிறகுதான் ரோட்டில் இறங்கும். அப்பா எலுமிச்சம்பழம் வாங்கி வந்துவிட்டார். மாமா ஊரைக் கூட்டிவிட்டார்.

மாமா மகன் என் வயதுக்காரன். கிராமத்துச் சமாச்சாரங்களைப் போட்டு யூடியூப் சானல் நடத்துகிறான். அன்று சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேமராவை அந்தத் தண்டுக்கு மூக்கோடு மூக்காக வைத்து, "மக்களே, இந்தக் குட்டித் தண்டுதான் சூட்சுமம்" என்று விளக்கினான். மாமா குறுக்கே புகுந்து, "எம் மருமகன் செஞ்சது. வேணுங்கிறவுக சொல்லுங்க, செஞ்சு குடுப்பான்" என்றார். அன்றே காணொளி ஏறியது. சந்தோஷமாகப் பார்த்தேன். சில மாதம் கழித்துத்தான் காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன்.

இப்போது அதே மாதிரித் தண்டு வைத்து வண்டி விடப்போகிற ஒரு பெரிய சைக்கிள் கம்பெனி எழுதியிருந்தது: விண்ணப்பிப்பதற்கு முன்பே ஊரறியக் காட்டிவிட்ட பொருள் புதியதே அல்ல, ஆகவே உரிமை கொடுக்கக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கோயம்புத்தூரில் ஒரு பட்டறை முதலாளி, காப்புரிமை கைக்கு வந்ததும் எனக்குப் பணம் கட்டிச் செய்து விற்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். என் பிழைப்பு அந்தச் சொல்லில்தான் நின்றுகொண்டிருந்தது.

மதுரையில் என் விண்ணப்பத்தைக் கவனித்துக்கொண்ட காப்புரிமை முகவர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "தம்பி, பூசை போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்திருக்கக் கூடாதா?"

"பூசை போடாம எப்படி மேடம் வெளிய எடுக்கிறது?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. ஒரே ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். சோதித்துப் பார்ப்பதற்காக, வேறு வழியில்லாமல் பொது இடத்தில் ஓட்டினோம் என்று நிரூபித்தால் பிழைக்கலாம். ஊர்க்காரர்கள் யாராவது உறுதிமொழி கொடுப்பார்களா?

கொடுப்பதற்கு ஆளா இல்லை? விஷயம் தெரிந்ததும் வீட்டு முன்னால் கூட்டம்.

"நாங்க பாக்கவே இல்லைன்னு எழுதிக் குடுத்துருவோம் மாப்ள" என்றார் மாமா.

"மாமா, வீடியோவுல பேசுறதே நீங்கதான்."

"அது நான் இல்லைன்னு சொல்லிருவேன். மீசைய எடுத்துட்டா எவனுக்குத் தெரியும்?"

"ஏலே, நம்ம வீடியோவ நம்ம ஊர்க்காரனே பாக்க மாட்டான்" என்றான் மாமா மகன். "அந்தக் கம்பெனிக்காரன் எங்க இருந்துலே வந்து பாத்தான்? சப்ஸ்கிரைப் பண்ணானான்னு கேளு."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமா இது என்று கத்தினேன். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "சாமி முன்னால வச்சது தப்புங்கிறியா?" என்றார்.

"தப்புன்னு சொல்லலப்பா."

"பெறகு என்னதாம்டா சொல்ற?"

அதை எப்படிச் சொல்வது? ஒளித்து வைத்தால்தான் உரிமை. பத்துப் பேருக்குக் காட்டினால் போச்சு. எங்கள் ஊரில் ஒளித்து வைத்துச் செய்கிற காரியம் என்றால் கள்ளச் சாராயம் ஒன்றுதான். இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் கடைசியில் குற்றம் அப்பா மேல் போய் விழுந்தது. விட்டுவிட்டேன்.

காப்புரிமை அலுவலக விசாரணை கணினி வழியாகவே நடந்தது. முகவர் மதுரையிலிருந்து பேசினார். நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவும் மாமாவும் குளித்துத் திருநீறு பூசி, கேமராவில் படாமல் சுவரோரமாக அமர்ந்திருந்தார்கள். எல்லாம் ஆங்கிலம். காணொளியை ஓட்டியபோது மட்டும் மாமாவின் குரல் தமிழில் கணீரென்று வந்தது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கோயிலுக்குப் போகிற பாதை மோசமான பாதை, அதில் ஓட்டியது சோதனைதான் என்று முகவர் நன்றாகவே வாதாடினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம் நேரடியாக ஒரு கேள்வி: "சோதனை என்றால், அன்றைக்கு எதை அளந்தீர்கள்?"

நான் பல நாள் அளந்திருக்கிறேன். ஸ்பிரிங் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது, மிதிக்கும்போது எவ்வளவு ஆடுகிறது, எல்லாம். ஆனால் அன்றைக்கு அளக்கவில்லை. அன்றைக்கு நான் சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதுவும் காணொளியில் இருந்தது.

"எதையும் அளக்கவில்லை, சார்" என்றேன்.

சில வாரங்களில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கோயம்புத்தூர் முதலாளி மரியாதையாகவே பேசினார். "யாரு வேணும்னாலும் செய்யலாம்னு ஆயிப்போச்சுங்களே தம்பி, அப்புறம் நான் எதுக்குங்க உங்களுக்குப் பணம் கட்டோணும்?"

மாமா வந்து விவரம் கேட்டார். "அப்ப நாம செய்யக் கூடாதுன்னு சொல்லிட்டாகளா?"

"செய்யலாம் மாமா."

"அந்தக் கம்பெனிக்காரன்?"

"அவனும் செய்யலாம்."

"அப்புறம் என்ன மாப்ள? செஞ்சு வித்துட்டுப் போ."

"நான் ஒண்ணு செஞ்சு முடிக்கிறதுக்குள்ள அவன் லோடு லோடா இறக்கிருவான் மாமா."

மாமா உண்மையிலேயே யோசித்தார். "அவன் செய்யிற வண்டி நல்லா ஓடுமா?"

"ஓடும்."

"ஓடும்ல? அந்தத் தண்டு ஒன்னோடதுதான?"

"இல்லன்னுதான் மாமா எழுதியிருக்கு" என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். நான் எழுந்து பஸ் பிடித்துப் பாளையம்பட்டிக்குப் போய்விட்டேன். பட்டறையில் அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை.