வாய் நிறையக் குண்டூசி

உதட்டிடுக்கில் இருக்கும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு உருண்டையில் குத்துகிறார் இமெல்டா. இதைக் கண்டால் கடைக்குள் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. வாயில் ஊசி இருக்கும்வரை அவர் வெறும் தையல்காரி. "ம்", "ம்ஹூம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கடைசி ஊசியும் வெளியே வந்துவிட்டால் யாருக்கோ நன்றாகக் கிடைக்கப்போகிறது என்று அர்த்தம்.

இன்று மாட்டிக்கொண்டது அவருடைய கோயிலுக்கு வரும் ஒரு தாய். மூத்தவன் டொக்டருக்குப் படிக்கிறான், நடுவிலான் இஞ்சினியர், கடைசியானுக்குத்தான் படிப்பு ஏறவில்லை, அவனைக் குருமடத்தில் சேர்த்துப் பாதர் ஆக்கினால் என்ன என்று கேட்க வந்திருந்தார்.

"ஏன் கா, மிஞ்சின சோத்தத்தான் ஆண்டவருக்குப் போடுறதா? படிக்கிறவனக் கேட்டுப் பாத்தியா? கேக்கமாட்டாய். அவனுக்குச் சீதனம் வரும்!"

அந்தத் தாய் தைத்த சட்டையை வாங்காமலே போய்விட்டார். இமெல்டா மறுபடி ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

கல்முனைச் சந்தைக்குப் போகும் குறுக்குத் தெருவில் என் புடவைக்கடைக்கும் அவருடைய தையற்கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். நான் சாய்ந்தமருது ஆள், முஸ்லிம். அவர் இங்கேயே பிறந்த கத்தோலிக்கப் பெண். ஐம்பதைத் தாண்டியவர். புருஷன் லொறி ஓட்டுகிறார். பெண்கள் இருவரும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என்னிடம் துணி வாங்கும் எங்கள் பெண்கள் அடுத்த வாசலில் அவரிடம் அபாயா தைக்கக் கொடுப்பார்கள். கறுப்பு அபாயாக்கள் வரிசையாகத் தொங்கும் கம்பியின் ஓரத்தில் எப்போதாவது ஒரு வெள்ளை அங்கி தொங்கும். குருமடத்தில் படிக்கும் ஒருவனுக்கு அங்கி அணியும் நாள் வந்திருக்கிறது என்று நான் விளங்கிக்கொள்வேன். அதற்குத் துணி என் கடையில்தான் எடுப்பார். விலை பேசாத ஒரே துணி அதுதான், மற்றதற்கெல்லாம் என் உயிரை வாங்குவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. உடுப்பைக் கொடுக்குமுன் தோளிலோ கைமடிப்பிலோ நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி நூலைப் பல்லால் கடித்து எடுப்பார். கத்திரிக்கோல் பக்கத்திலேயே கிடக்கும். எங்கள் ஊர்ப் பெண் ஹப்ஸா அபாயா வாங்க வரும்போதெல்லாம் இதற்கு முகத்தைச் சுளிப்பாள். "கத்திரிக்கோல் அவசரத்தில சீலையையும் கடிச்சிப்போடும் புள்ள. பல்லுக்குத்தான் நூல் எது, சீல எது எண்டு தெரியும்" என்பார் இமெல்டா. பிறகு உடுப்பை ஓர் உதறு உதறி, "முடிஞ்சு. போட்டுக்கொண்டு போ."

வியாழக்கிழமை பின்னேரங்களில் மெஷினை மூடிவிட்டுக் குடையோடு கிளம்புவார். எந்த வீட்டுப் பிள்ளைக்குக் குருவாகவோ கன்னியராகவோ போகும் எண்ணம் இருக்கிறதென்று காதில் விழுகிறதோ, அந்த வீட்டுக்குப் போவார். ஆசை காட்டப் போவதில்லை, குறுக்குக் கேள்வி கேட்கப் போவார். சண்டை பிடித்துக்கொண்டு வருகிறாயா, வீட்டில் சோறில்லாமல் வருகிறாயா, அம்மா நேர்த்தி வைத்ததால் வருகிறாயா என்று கேட்பார். அத்தனையும் தாண்டி நிற்கிற பிள்ளைக்குப் பிறகு எல்லாம் அவர்தான். பெட்டி வாங்குவது, சவுக்காரமும் மாசிச் சம்பலும் கட்டி அனுப்புவது, பரீட்சைக்கு முதல்நாள் போனில் கோல் எடுப்பது. "சாப்பிட்டியா மனே? அழுதியா? அழுதா நல்லம். அழாதவன நினைச்சாத்தான் எனக்குப் பயம்."

ஊர் இவருக்கு வைத்திருக்கும் பெயர் 'புள்ள புடிகாரி'. சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். யுத்த காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கிற இந்தக் கரையில், அந்தச் சொல்லை வைத்து எப்படிச் சிரிக்க வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இவருடைய சொந்தச் சனத்துக்கே இவர்மேல் கோபம். புறப்படுகிற ஒவ்வொரு பிள்ளையிடமும், வழியனுப்பும் மாலையோடு நிற்கும்போதே, எல்லாருக்கும் கேட்கச் சொல்வார். "இது எனக்குரிய வழியில்ல எண்டு தெரிஞ்சா ஒழிக்காத. முதல் எனக்குச் சொல்லு. நான் வந்து கூட்டி வாறன்." போகும்போதே திரும்பி வரச்சொல்லும் வாய் என்று பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

மேசன் வேலை செய்யும் சூசைதாசனின் மகன் ஜெனிஸ்ரன் போனபோதும் அதைத்தான் சொன்னார். பாண்ட் வாத்தியச் சத்தத்தில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அந்த ஊர்வலத்தை நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றுப்போகும். பட்டாசு வேறு. கோயிலின் பங்குச் சபைச் செயலாளர் பூபாலசிங்கம் ஜெனிஸ்ரனின் படத்தைப் பெரிய பேனராக அடித்துக் கோயில் மதிலில் கட்டியிருந்தார். 'எமது பங்கின் முத்தே, நாளைய குருவே, சென்று வருக!' மூலையில் பூபாலசிங்கத்தின் பெயர், அதுவும் சின்ன எழுத்தில் இல்லை. இவருடைய மகனிடம் ஒருதரம் இமெல்டா குருமடத்தைப் பற்றிக் கதைத்தபோது, "அவனுக்கு அந்த அழைப்புக் கேக்கல்ல" என்று தடுத்த மனிதர் இவர். மகன் இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அந்த அழைப்பு மட்டும் நல்ல தெளிவாகக் கேட்டிருக்கிறது.

மூன்றாம் வருடம் ஜெனிஸ்ரன் திரும்பிவிட்டான். களவில்லை, சண்டையில்லை. இது தன் வழியில்லை என்று அவன் கண்டான், படிப்பித்த குருக்களும் கண்டார்கள், ஆசீர்வதித்து அனுப்பிவைத்தார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தானே அத்தனை வருடம் வைத்துப் பார்க்கிறார்கள்? ஆனால் மட்டக்களப்புக்கு வந்தவனைத் தகப்பன் அங்கேயே, மாமி வீட்டில், மறித்துவிட்டார். கல்முனையில் 'லீவு' என்று கதை. லீவு நீண்டதும் 'ஏதோ பொம்பிளப் பிரச்சினையாம்' என்று வேறு கதை. மதிலில் பேனர் மட்டும் அப்படியே தொங்கியது. வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது, முகம் வெளுக்கவில்லை.

போன மாதம் சூசைதாசன் இமெல்டாவின் கடைக்கு வந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஹப்ஸா அந்தப் பக்கம் அபாயாவுக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றாள். பலகைச் சுவரில் எல்லாம் கேட்கும்.

"இமெல்டாக்கா, அவனத் திருப்பி எடுக்கச் சொல்லிக் குருமடத்துப் பெரிய பாதரோட ஒருக்காக் கதைங்க. நீங்கதானே கொண்டுபோய்ச் சேர்த்த?"

மெஷின் நின்றது. ஊசிகள் பஞ்சுக்குப் போகின்றன என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

"என்னத்துக்குத் திருப்பி எடுக்கணும்? களவெடுத்தானா?"

"இல்ல."

"ஆரையும் கெடுத்தானா?"

"இல்லக்கா."

"மறுகா என்ன?"

"ஊருக்குள்ள தலை காட்ட ஏலாமக் கிடக்கு. வேலைக்குப் போற இடமெல்லாம் 'மகன் எப்ப பாதர்?' எண்டு கேக்கிறானுகள். எடுக்கமாட்டாங்க எண்டா, ஏஜென்சிக்காரனோட கதைச்சிட்டன். மட்டக்களப்பால அப்படியே கட்டாருக்கு ஏத்திவிடுவன். ஊருக்கு வரவே தேவையில்ல."

"அவன்ட தாய்?"

"போன்ல கதைப்பாள்தானே."

கையிலிருந்த துணியை மேசையில் எறிந்தேன். பெற்ற மகன், ஒரு பஸ் தூரத்தில் இருப்பவன், தன் வாசலை மிதிக்காமலே கடல் கடக்க வேண்டுமாம். எதற்கு? மதிலில் ஒரு படம் தொங்குகிறது என்பதற்காக. சுவரை உதைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகலாமா என்று வந்தது. அதற்குள் இமெல்டா பேசத் தொடங்கினார். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் புதிதாக இருந்தது.

"சூச, நான் பதினெட்டு வயசில சிஸ்டராகிறதெண்டு கொன்வென்ட்டுக்குப் போனவள். தெரியுமா உனக்கு? தெரியாது. நீ அப்ப சின்னப் பொடியன். திரும்பி வரக்குள்ள கல்முனையில இறங்கப் பயந்து முன்னுக்கே பாண்டிருப்பில இறங்கிட்டன். மைமல் நேரம், பொழுது பட்டிட்டு. கடற்கரையால நடந்து, வேலி பூந்து பின்பக்கத்தால வீட்டுக்குள்ள போனன். எங்கட அம்மா எனக்குக் காசநோய் எண்டு ஊருக்குச் சொல்லிப்போட்டா. நோய்க்காரி எண்டு சொல்ல வெக்கமில்ல, திரும்பி வந்தவள் எண்டு சொல்லத்தான் வெக்கம். எத்தின வருசம் முன்வாசலால போகாம இருந்தன் தெரியுமா? அங்க சிஸ்டரம்மாக்கள் ஒருத்தியும் என்னப் பழிக்கல்ல. நான் வரக்குள்ள கட்டிப்பிடிச்சி அழுதாங்க. பழிச்சதெல்லாம் இஞ்ச. ஞாயிறு ஞாயிறா முழங்கால்ல நிண்டு, குருக்களத் தா, கன்னியரத் தா எண்டு கேக்கிற நம்மட ஆக்கள். தா எண்டு கேக்கிற வாய்க்கு, வந்தவன வா எண்டு சொல்லத் தெரியாது. நீ அந்த வாயளுக்குப் பயந்து புள்ளையக் கட்டாருக்கு ஏத்தப் பாக்கிறாய்!"

அளவு கொடுத்துக்கொண்டு நின்ற ஹப்ஸா இடையில் சொன்னாள்: "எங்கட தம்பியும் குர்ஆன் மனனம் பண்ணப் போய் இடையில வந்தவன்தான் அன்ரி. வாப்பா வீட்டுக்குள்ள எடுக்கல்ல. இப்ப சவூதில இரிக்கான். என்ட கலியாணத்துக்கும் வரல்ல. உம்மா இன்னும் அவன்ட கோப்பையக் கழுவிக் கழுவி வைக்கிறா."

"கேட்டியா?" என்றார் இமெல்டா. "ஞாயிற்றுக்கிழமை காலம பஸ்ஸில வரச்சொல்லு அவன. பாண்டிருப்பில இல்ல, கல்முனை ஸ்டாண்டில இறங்கச் சொல்லு. நான் போய்க் கூட்டி வாறன்."

"ஞாயிறு வேணாங்கா! அண்டைக்கு இறையழைத்தல் ஞாயிறு, குருமார் வேணுமெண்டு மன்றாடுற நாள். ஊரே கோயிலில நிக்கும்."

"அதுக்குத்தானே சொல்லுறன்."

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் பஸ் நிலையத்துக்கு ஓட ஒரு புடவைக்கடைக்காரனுக்கு என்ன வந்தது என்று கேட்டால், ஆத்திரம்தான் வந்தது. வேறு காரணம் இல்லை.

ஜெனிஸ்ரன் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினான். மெலிந்திருந்தான். கையில் ஒரே ஒரு பை. "தொப்பியக் கழட்டு மனே" என்றார் இமெல்டா. ஓட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள், ஏறவில்லை. பெரிய தெருவின் நடுவால் நடத்திக்கொண்டு வந்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று நின்று பார்த்தார்கள்.

"தம்பிக்கு லீவா?"

"லீவில்ல. வந்திட்டான்."

"எப்ப திரும்பப் போற?"

"போறதில்ல. வந்திட்டான் எண்டு சொல்லுறன்."

அதே பதிலைத் தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் குனிந்து நடந்த ஜெனிஸ்ரன் சந்தை முடக்கில் திரும்பும்போது நிமிர்ந்துதான் நடந்தான். கோயில் மதில் தெரிந்ததும் மறுபடி தலை தாழ்ந்துவிட்டது. பெருநாள் என்பதால் பேனருக்குப் புதுப் பூமாலை போட்டிருந்தார்கள்.

நான் தெருவின் மறுபக்கத்தில் நின்றுகொண்டேன். கோயில்களில் வெடித்த அந்த ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு சாய்ந்தமருது ஆள் ஒருவன் கோயில் வாசலில் நிற்பதென்றால் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். தெரு ஒடுக்கம், எல்லாம் நன்றாகத் தெரிந்தது, கேட்டது.

வாசலில் வெள்ளை உடுப்போடு நின்ற பூபாலசிங்கம் ஓடிவந்தார். "என்ன இமெல்டா இது? பின்வாசலால கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. இண்டைக்குப் பாத்தா..."

வாயில் ஊசி இல்லாத இமெல்டா உடனே பதில் சொல்லாமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன். கைப்பையைத் திறந்து சீலை வெட்டும் பெரிய கத்திரிக்கோலை எடுத்தார். பேனரின் கயிறுகளை ஒவ்வொன்றாக வெட்டினார். மாலையோடு அது மண்ணில் சரிந்தது. வாடிக்கைக்காரரின் துணியை மடிப்பது மாதிரி, முகம் உள்ளுக்குள் போகும்படி, ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்துப் பூபாலசிங்கத்தின் இரண்டு கையிலும் வைத்தார்.

"அடுத்ததில உங்கட மகன்ட படத்தப் போடுங்க."

உள்ளே ஒலிபெருக்கியில் மன்றாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பங்கிலிருந்து நல்ல குருக்களையும் கன்னியரையும் தந்தருளும் என்று ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. படியில் நின்றவர்கள் யாரும் அசையவில்லை. கடைசியில் சூசைதாசன்தான் அவர்களை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தார். மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த பையை மட்டும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

ஜெனிஸ்ரனுக்கு இன்னும் கால் எழவில்லை. இமெல்டா அவனை மேலும் கீழும் பார்த்தார். சட்டையின் தோளில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. கத்திரிக்கோலைப் பைக்குள் போட்டுப் பையை மூடினார். பிறகு குதிக்கால் உயர்த்தி எட்டி, ஊரெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்தார்.