மாமனார் காதில் மருமகள் போன்

போன வாரம் எங்கள் உத்திரமேரூரில் அம்மன் பேசினாள். அதுவும் புளூடூத்தில்!

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டு முனுசாமிக்கு ஏரிப் பாசனத்தில் நிலம். கொஞ்ச நாளாகக் காது மந்தம். லாரி ஓட்டும் அவர் மகன், வடக்கே லோடு ஏற்றிப் போவதற்கு முன்னால் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போய் நல்ல காது மிஷினாகவே வாங்கிக் கொடுத்தான். இப்போது டீக்கடைப் பேச்சு முழுக்க அவருக்குக் கேட்கிறது. கேட்க வேண்டாததும் கேட்கிறது!

அதே டீக்கடையில்தான் என்னை ஓரமாக இழுத்துப்போனார். வீட்டில் இருக்கும்போது காதுக்குள் ஒரு பெண் குரல் வருகிறதாம். விட்டு விட்டுத்தான் வருகிறது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. தெருவுக்கு வந்தால் நின்றுவிடுகிறது.

"ஏரிக்கர அம்மன்தான் சார். சொர்ணவாரிப் பட்டத்துக்கு நெல்லு போடலாமான்னு உத்தரவு கேட்டுக்கினு இருந்தேன். வந்து பேசுறா" என்றார்.

என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"'பயப்படாத, கேளு. கேட்டாதான குடுப்பாங்க'ன்றா. அதான் பேஜாரா கீது. நெல்லுக்குக் கேட்டாச்சு... இன்னும் இன்னாத்த கேக்கறது?"

அம்மனே வாய் திறந்து கேள் என்கிறாள். என்ன கேட்பது என்று தெரியாமல் பக்தர் முழிக்கிறார். எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்க முடிவு செய்திருந்தார். வீட்டில் சொன்னால் மூளை குழம்பிவிட்டது என்பார்களோ என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலம் அவருடைய மருமகள் ரேவதி போனோடு என் வீட்டுக்கு வந்தாள். பத்திரிகையில் எழுதுகிறவனுக்குப் போன் ரிப்பேரும் தெரியும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. நானும் அதைக் கெடுத்துக்கொள்வதில்லை.

வீட்டுக்குள் யாரிடம் பேசினாலும் அவளுக்கு மறுமுனைக் குரல் கேட்கவில்லை. இவள் பேசுவது மட்டும் அங்கே போகிறது. தெருவுக்கு வந்தால் போன் ஒழுங்காக இருக்கிறது. அவளுக்கோ அவசரம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேருவதாக மறுநாளே சொல்லியாக வேண்டும். திருப்புட்குழியில் இருக்கும் அம்மாவிடம் யோசனை கேட்டால், அவர் சொன்ன பதில் காதில் விழவில்லை; தெருவில் நின்று பேசுகிற விஷயமும் இல்லை. கணவனோ, "நைனா சரின்னா சரி" என்று மெசேஜ் போட்டு ஒதுங்கிக்கொண்டான்.

மாமாவிடம் கேட்டாயா என்றேன்.

"பயமா கீது சார். பொண்ணு பாக்க வந்தப்பவே வேலைக்கி அனுப்ப மாட்டோம்னாரு. இப்ப வேணாம்னுட்டாருன்னா அத்தோட போச்சு. மறுக்கா எப்டி கேக்கறது?"

பயம்... கேட்பது... எனக்குச் சட்டென்று உறைத்தது. அம்மன் யார் என்று தெரிந்துவிட்டது!

மிஷின் வாங்கிய கதையை மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டேன். அந்தக் காது மிஷினில் சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு ஆப் வேண்டும். முனுசாமியிடம் இருப்பது பட்டன் போன். அதனால் கடைக்காரர், கூடப் போயிருந்த ரேவதியின் போனில் ஆப்பை ஏற்றி, மிஷினோடு ஜோடி சேர்த்து அனுப்பிவிட்டார். புளூடூத்தின் குணம் என்ன? ஜோடி சேரும்போது ஒரு தடவை சம்மதம் கேட்கும். அதற்கப்புறம் பக்கத்தில் வந்தாலே தானாக ஒட்டிக்கொள்ளும். சுமார் பத்து மீட்டர் — நடுவில் சுவர் வந்தால் இன்னும் குறைவு. போன் யாருடையது, காது யாருடையது என்றெல்லாம் அதற்குக் கவலை கிடையாது. ரேவதிக்கு வந்த பேச்சை எல்லாம் பொறுப்பாக மாமனார் காதில் போட்டிருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். போனும் மிஷினும் கடையிலேயே ஒட்டிக்கொண்டன. அதே வீட்டு மாமனாரும் மருமகளும்? "சோறு போடட்டா மாமா", "போடும்மா" — அவர்கள் ரேஞ்ச் இன்னும் அதைத் தாண்டவில்லை. நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது?

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வேலை விஷயம் நான் சொல்லக்கூடியதல்ல. அதனால் புளூடூத் கதையை மட்டும் இருவருக்கும் விளக்கினேன். "அப்ப அம்மன் இல்லியா?" என்றார் முனுசாமி. முகம் வாடிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது. ரேவதி முகத்தில் ஈயாடவில்லை. அம்மா பேசியதில் எவ்வளவு அவர் காதில் விழுந்ததோ!

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவள் அம்மாதான். கை பழக்கத்தில் எடுத்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முனுசாமி மட்டும் காதில் கை வைத்தபடி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"பயப்படாதன்னு உங்கம்மா சொன்னது... என்னைய நெனச்சா பயந்த?"

அவள் தலை குனிந்துகொண்டாள். அந்தக் கேள்வி அவரைத்தான் சுட்டிருக்க வேண்டும். பிறகு அவள் கையிலிருந்த போன் பக்கம் குனிந்தார்.

"சம்மந்தியம்மா, அவ இன்னும் எங்கிட்ட கேக்கல. ஆனா எனக்குக் கேட்டுடுச்சு. திங்கக்கெயம நானே பஸ் ஏத்தி வுடறேன்."

ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் போனை நீட்டினாள்.

"மொதல்ல இந்த புளூடூத்த ஆஃப் பண்ணிக் குடுங்க சார்."