புள்ளிச் செண்பகம்

இன்று காலை, நோய் பிடித்த மரமொன்றை விற்றேன்.

தண்ணீர்மலைச் சாலையில், என் வீட்டு வாசலில் அழகுக்கு வைத்த ஐந்து செண்பகத்தில் ஒன்றுக்கு இலையெல்லாம் மஞ்சள் புள்ளி. மற்ற நான்குக்கும் தொற்றுமுன் தோண்டி எரித்துவிட மண்வெட்டியோடு நின்றேன்.

புதுப் பங்களா கட்டியிருக்கும், அரசாங்கக் கச்சேரியில் எழுத்தர் வேலை பார்க்கும் கிராணியார் ரிக்‌ஷாவை நிறுத்தி இறங்கினார்.

"முதலாளி, இது எந்தச் சீமைச் சாதி? இலையில பொன்னைத் தெளிச்சாப்பல இருக்கே!"

"சாதியுமில்ல, பொன்னுமில்லீங்க. இலை நோவு. எரிக்கப் போறேன்."

அவர் சிரித்தார். "விலையை ஏத்த இப்படியும் ஒரு வழியா? பத்து வெள்ளி."

"நோவுங்க, கிராணியாரே. உங்க தோட்டத்துக்கும் பரவும்."

"எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னுதானே சொல்றீங்க? பன்னிரண்டு."

மூன்றாம் முறையும் உண்மையைச் சொன்னேன். பதினைந்து ஆனது.

முப்பது வருஷம் மிளகு விற்றவன் நான். கலப்படமில்லாத உண்மைக்கு இவ்வளவு கிராக்கி இருப்பது இன்றுதான் தெரிந்தது. நிஜம் பேசினால் கடை படுத்துவிடும் என்று எனக்குப் புத்தி சொன்ன நண்பர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?

முடிவான பேச்சு இது: விலை பதினைந்து வெள்ளி, தோண்டுகூலி அவருடையது, உதிர்ந்த இலைகளையும் ஒன்று விடாமல் அவரே கூட்டி அள்ளிப் போகவேண்டும்.

இலைக்குத் தனி விலை கேட்காததற்கு நன்றி சொன்னார்.