படையலுக்கு முன் மாம்பழம் அளந்த கதை

இன்று மனைவியின் முதலாம் ஆண்டுத் திவசம்.

படையலுக்கு விலாட்டு மாம்பழம் வாங்கி வந்தேன். பழத்தில் சீனி அளக்கும் கருவியோடு மகள் காத்திருந்தாள். பள்ளிக்கூட விஞ்ஞானச் செயற்றிட்டமாம்.

"படைக்க முதல் ஆரும் வாய் வைக்கப்படாது. மெஷின் வைச்சாக் குற்றமில்ல" என்று தீர்ப்புச் சொன்ன மச்சாள், என்னைத்தான் முறைத்தாள்.

மகள் ஒவ்வொரு பழத்திலும் ஒரு சொட்டுச் சாறெடுத்துக் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு பழத்தை எடுத்து அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"அதுதான் ஆக இனிப்போ புள்ள?"

"இல்லப்பா, இதுதான் ஆகக் குறைவு. அம்மாக்குச் சீனி வருத்தமெல்லோ, இனிப்புக் கூடாதே?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கருவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"இனி அவக்குச் சீனி ஏறாது மகள்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மச்சாள் அழுதுவிட்டாள். பிறகு நாங்களும்.

ஆக இனித்த பழத்தையும் பக்கத்திலேயே வைத்தேன். புளிப்பை மட்டும் வைத்தால் கனவில் வந்து என்னைத்தானே ஏசுவாள்!

உங்கள் வீட்டுப் படையலிலும் பத்தியம் பார்ப்பதுண்டா?