ஒரு மாலைக்குள் வளர்ந்த நிலா

மலையேறுகிறவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிற தொழிலில், அடுப்பைப் பார்ப்பதைவிட ஆகாசத்தைப் பார்க்கிற நேரம்தான் அதிகம். உலையை ஏற்றிவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நீங்களும் பட்டிருப்பீர்கள். எங்கள் கடை போடிநாயக்கனூருக்கு மேற்கே, குரங்கணிப் பாதை பிரிகிற இடத்தில் இருந்தது. ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஆளும் பொதிமாடும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஏறவேண்டும். வளர்பிறையில் வெயில் தாழ்ந்ததும் நிலா வெளிச்சத்தை நம்பிக் கிளம்புவார்கள். புளிச்சோறு கட்டக் கட்டப் போகும். தேய்பிறையில் மீந்த சோற்றில் நீரூற்றி நாங்களே குடிப்போம்.

அந்த வருஷம் பேச்சி என்ற பெண் எனக்குக் கூடமாட வேலை செய்தாள். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் மாயாண்டி மேலே தோட்டத்தில் காய் பறிக்கப் போயிருந்தான். முதல் பிள்ளை பிறந்த கையோடு போய்விட்டது. அப்போதும் அவன் மலைமேல்தான் இருந்தான். இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது, முகம்கூடப் பார்க்கவில்லை. அதனால் இந்தத் தடவை, "ஐப்பசிப் பௌர்ணமியன்னிக்கு நெலா கெளம்பையிலே வாசல்ல நிப்பேன்" என்று சொல்லிவிட்டு ஏறியிருந்தான். பேச்சி அந்தச் சொல்லை முந்தானையில் முடிந்துகொண்ட மாதிரி வைத்திருந்தாள்.

உலக்கை நின்ற காலை

புரட்டாசித் தேய்பிறை. விடிகிற வேளையில் கீழ்வானத்தில் நிலா ஒரு கீற்றாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மீதி வட்டம் சாம்பல் பூத்த கங்கு மாதிரி மங்கலாகத் தெரிந்தது. நான் கைவேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சோறு வாங்கின பொதிமாட்டுக்காரர் ஒருவர் என் பார்வை போன பக்கம் பார்த்தார். மூட்டையை என்னிடமே திருப்பி நீட்டினார். "கிரகணம் பிடிச்சிருக்கு ஆத்தா. முக்காவாசி முழுங்கிருச்சு. இந்தச் சோறு ஆகாது."

"இது தேய்பிறை அண்ணே. நேத்துக் கொஞ்சம் தடிப்பா இருந்துச்சு, நாளைக்கு இன்னும் மெலியும்" என்றேன். அவர் கேட்பதாக இல்லை. கிரகணத்தன்று உலக்கை பிடிமானம் இல்லாமல் நிற்கும் என்பார்களே, நிறுத்திப் பார் என்றார். எங்கள் உலக்கை பூண் தேய்ந்து அடி மட்டமாகிப்போனது. நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல் நிற்கும். அன்றைக்கும் நின்றது. பேச்சி சிரிப்பை அடக்க மாட்டாமல் உள்ளே ஓடினாள். அவர் வெறும் வயிற்றோடு மாட்டை ஓட்டிக்கொண்டு நடந்தார். போகிற போக்கில் இதைச் சொன்னார்: "உலக்கையே நிக்குது, நீ என்னமோ பேசிக்கிட்டு நிக்கிறே."

பானையும் நிழலும்

சிரித்தவள் கொஞ்ச நாளில் சிரிப்பை மறந்தாள். ஐப்பசிப் பௌர்ணமியன்று நிலா கிளம்பும்போதே கிரகணம் பிடித்துக் கிளம்பும் என்று கோவிலில் சொன்னார்கள். அவன் வருகிறேன் என்ற அதே நேரம். "நெலாவே அன்னைக்கு மூளியா வருதே ஆத்தா, அவரு எப்பிடி வருவாரு?" என்று கேட்டாள். கேட்டதோடு வேலை ஓடாமல் உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை என் பெரிய மகன் ஒருநாள் அடுப்படியில் வைத்துச் சொல்லியிருந்தான். அதையே இவளுக்குச் செய்து காட்டினேன். அடுப்பு சூரியன், பேச்சி பூமி, என் கையில் இருக்கிற பானை நிலா. பானையை ஏந்திக்கொண்டு அவளைச் சுற்றி வந்தேன். தீயைப் பார்த்த பக்கம் எப்போதும் வெளிச்சமாகத்தான் இருந்தது. ஆனால் நான் நிற்கிற இடத்துக்குத் தக்கபடி அவள் கண்ணுக்குப் பாதி வெளிச்சம், கால் வெளிச்சம், ஒரு சமயம் வெறும் கரிமுதுகு. "பாத்தியா, இதை யாரும் கடிக்கலை. இதுதான் வளர்றதும் தேயுறதும். ஒரு சுத்து வர ஒரு மாசம் ஆகும்" என்றேன். பிறகு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்த அவள் முதுகுக்கு நேர் பின்னால் போனேன். அவள் நிழல் விழுந்து பானை இருண்டது. "இதுதான் கிரகணம். முழு வெளிச்சமா இருக்கிற பௌர்ணமியிலதான் இது வரும். உன் நிழல் விலகினா அன்னைக்கே பழையபடி முழுசாயிரும். பானையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சாலோ தாழ்த்திப் பிடிச்சாலோ நிழல் படாது; அதான் எல்லாப் பௌர்ணமிக்கும் வர்றதில்லை."

பேச்சி திரும்பித் தன் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவும் சொன்ன நான், அன்றைக்குத் தலை முழுகி மாரியாத்தாளுக்கு விளக்கு வைக்காமல் இருக்கப்போவதில்லை என்பதையும் சொன்னேன். மகன் சொன்னது என் புத்தியில் இருக்கிறது, ஆத்தா என் நெஞ்சில் இருக்கிறாள். இரண்டும் சண்டை போட்டதில்லை. அதற்குள் வாசலில் கலயத்தோடு நின்ற ஆள் பொறுமை இழந்துவிட்டான்: "பூமியும் நெலாவும் சுத்துனது போதும் ஆத்தா, எனக்குக் கஞ்சியை ஊத்து, நான் குரங்கணி போய்ச் சேரணும்."

ராவுத்தர் கொண்டுவந்த சேதி

பௌர்ணமியன்று மத்தியானம், தோட்டம் தோட்டமாகப் போய் ஏலக்காய் வாங்குகிற ராவுத்தர் இறங்கி வந்தார். வழக்கமாக எங்களிடம் சோறு கட்டிப் போகிறவர். பேச்சி ஓடிப்போய், "அண்ணே, அவரைப் பாத்தீகளா?" என்றாள்.

"பாத்தேன், நல்லாத்தான் இருக்கான். ஆனா மேலே ஒரே மஞ்சு. நேரே நிக்கிற ஆளு தெரியலை. கெழமை கேட்டா ஒருத்தன் செவ்வாங்கிறான், ஒருத்தன் வெள்ளிங்கிறான். நெலா கண்ணுல பட்டாத்தான் அவங்களுக்கு நாளு" என்றார். நான் அடுப்பை அவித்தேன், பானைகளில் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டேன், அவளை உள்ளறையில் உட்காரவைத்தேன். சோறு கட்டட்டுமா என்று ராவுத்தரைக் கேட்டதற்கு வேண்டாம் என்றார். கிரகணத்துக்கு நீங்களும் பட்டினியா என்றேன். அவர் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பட்டினி இல்லை தங்கச்சி, எங்களுக்குக் கிரகணத் தொழுகை இருக்கு. நீங்க அங்கே கும்பிடுங்க, நாங்க இங்கே தொழறோம். அந்தப் பொண்ணை ரெண்டு பக்கமும் சொல்லிவைப்போம்."

மஞ்சு விலகின நேரம்

வெயில் மலைக்குப் பின்னால் போனதும் கிழக்கே சமவெளிக்கு மேல் நிலா கிளம்பியது. பாதிதான் இருந்தது, மீதி புகை படிந்த சிவப்பு. பறவைச் சத்தம்கூட ஓய்ந்து, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து பேச்சி, "ஆத்தா, வந்துட்டாரா?" என்றாள். "வெரசா வந்துருவான்" என்றேன். பாதையில் யாரும் இல்லை. நிழல் விலகி, நான் முழுகி விளக்கு வைத்தபோது பாதை பால் ஊற்றின மாதிரிக் கிடந்தது. அப்போதும் யாரும் இல்லை. அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பிவிட்டு, கேட்கும்போதெல்லாம் அதே பொய்யைச் சொன்னேன்.

விடியும்போது நிலா மேற்கே மலை விளிம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. அதையே முதுகில் சுமந்து வருகிறவன் போல மாயாண்டி பாதையில் வந்தான். கால் முழுக்க முள் கிழித்திருந்தது. நேற்று மாலை மஞ்சு கொஞ்சம் கிழிந்து நிலா தெரிந்ததாம். "பாதி நெலா ஆத்தா. சரி, பௌர்ணமிக்கு இன்னும் எட்டு நாள் கெடக்குன்னு சொல்லிட்டு ஒலை வச்சுட்டேன்" என்றான். பாதி நிலா என்றால் பொழுது சாயும்போது உச்சியில் அல்லவா நிற்கும்? அந்த நேரத்தில் கிழக்கே கிளம்புகிறது முழு நிலாதான். ஆனால் அத்தனை நாள் ஆகாசமே பார்க்காதவனுக்கு உச்சி ஏது, ஓரம் ஏது? கஞ்சி கொதித்து இறக்கும்போது மறுபடி மஞ்சு விலகியிருக்கிறது. நிலா பெருத்திருந்தது. குடித்து முடிப்பதற்குள் முழுவட்டமாகிவிட்டது. எட்டு நாளில் வளர வேண்டியது ஒரு கஞ்சிப் பொழுதில் வளராது என்று உறைத்ததும், கலயத்தைப் போட்டது போட்டபடி ஓடிவந்திருக்கிறான்.

அவன் சொல்லி வாயை மூடவில்லை, உள்ளே குழந்தை அழுதது. பெண் பிள்ளை என்று மருத்துவச்சி குரல் கொடுத்தாள். அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்கத் தெரியாமல், மலைமேல் மங்கிக்கொண்டிருந்த நிலாவையே பார்த்தான். உள்ளிருந்து பேச்சி ஓய்ந்த குரலில் சொன்னாள்: "அதைப் பாத்தது போதும். உள்ளே வந்து இந்த மொகத்தைப் பாருங்க."

ஆகவே, மலைமேல் ஆளை அனுப்பிவிட்டு அடுப்படியில் காத்திருக்கிறவர்களே, பௌர்ணமிக்கு வந்துவிடு என்று மட்டும் சொல்லாமல், பொழுது சாயும்போது கிழக்கே கிளம்புகிற நிலா எவ்வளவு மூளியாகத் தெரிந்தாலும் அது பௌர்ணமி நிலாதான் என்பதையும் சோற்றோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.