‘குப்பை’ என்று நான் சொல்லாத நாள்

மங்கம்மா அக்காவின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். அவருடைய சாப்பாட்டுப் பையில் பிடிபட்ட அட்டைகள் எனக்காக எடுத்து வைத்தவை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என்னை நேரில் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில்!

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு காகித ஆலை. வெளிநாட்டுக் கழிவுக் காகிதம் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். லாரிகளை எடை போட்டுச் சீட்டெழுதுவது என் வேலை. கட்டுகளைப் பிரித்துக் கம்பி, பிளாஸ்டிக், ஆகாத அட்டை ஆகியவற்றைப் பொறுக்கி எறிவது அக்காவும் மற்றப் பெண்களும் செய்யும் வேலை. மீதி கூழாகும்.

ஒருநாள் அக்கா ஓர் அட்டையை என் மேசையில் வைத்தார். அதில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் தோளில் கட்டையோடு நின்றார். “உன்ன மாதிரியே தொப்பைய தூக்கிக்கினு நிக்கிறாரு பாரு நைனா” என்றார். சிரித்தேன். ஆனால் அட்டையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ஏன்? அமெரிக்கர்கள் சேர்த்து வைக்கும் பேஸ்பால் வீரர் பட அட்டை அது; பேஸ்பால் பற்றி எனக்கு என்ன தெரியும்? இன்றுவரை அந்த ஆட்டத்தின் விதி ஒன்றுகூடத் தெரியாது!

அக்காதான் எனக்குக் கண்ணைத் திறந்தார். பளபளப்பாக வழுக்கினால் புதிது. சாம்பல் நிறத்தில் சொரசொரவென்றிருந்தால் பழையது... கண்ணை மூடிக்கொண்டே விரலால் தடவிச் சொல்வார். எறிய வேண்டிய குவியலிலிருந்து எனக்கென்று ஒன்றிரண்டை ஒதுக்குவார்.

இன்னொருவர் காதர் பாய். பழவேற்காட்டுக்காரர், பொன்னேரியில் லேமினேஷன் கடை வைத்திருந்தார். அட்டைகளுக்கு லேமினேஷன் போடச் சொன்னபோது மறுத்துவிட்டார். “கெடுத்துக்காதபா. பழசு பழசாவே இருக்கட்டும்” என்று சொல்லி, உறைகளைச் சும்மா கொடுத்தார். கடை ஓய்ந்த வேளைகளில் கணினியில் தேடி, அட்டையில் இருப்பவர் யார், எந்தக் காலத்தவர் என்றெல்லாம் படித்துக் காட்டுவார். எல்லாம் ஊரெங்கும் கிடைக்கிற சாதாரண அட்டைகள், யாரும் வாங்கமாட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதனாலென்ன! ஐம்பதை நெருங்கும் என்னை, கோமாளி என்றல்லாமல் வேறு விதமாகப் பார்த்தவர்கள் அந்த இருவர்தாம்.

ஆலையில் ஒரு விதி உண்டு. துண்டுக் காகிதம்கூட வாசலைத் தாண்டக் கூடாது. பெண்களின் பைகளைச் சோதிப்பார்கள். அலுவலக ஆட்களைச் சோதிப்பதில்லை. அதனால் அக்கா உள்ளேயே என்னிடம் கொடுத்துவிடுவார். அன்று மட்டும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வெளியே பஸ் நிறுத்தத்தில் தாருங்கள் என்று சொன்னவன் நான். என் சோம்பல்!

காவலாளி பையைத் திறந்தார். மேலாளர் வந்தார். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கழிவறைக்கு ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

“இன்னாபா இது? வெறும் குப்பைதானே?” என்றார் மேலாளர். அவர் குரலில் கோபமே இல்லை.

‘ஆமாம்’ என்றிருந்தால் அதோடு விட்டிருப்பார்கள், அக்கா வழக்கம்போல் வீட்டுக்குப் போயிருப்பார். ‘என்னுடையது’ என்றிருந்தால் நான் மனிதனாக இருந்திருப்பேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“இல்ல சார்... பழைய கார்டு. வெளிநாட்டுல நல்ல வெல போவும்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா? பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயும் ஒரு பெருமை... என் அட்டைகளைக் குப்பை என்று ஒருவர் சொன்னது பொறுக்கவில்லை எனக்கு!

அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லவில்லை. மறுநாள் முதல் அவருக்கு வேலை இல்லை. அட்டை எடுத்துத் தரும் அந்த அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று காதர் பாய் கேட்டபோது, முட்டி வலியால் நின்றுவிட்டார் என்றேன். அவர் உடனே வலிக்கு ஒரு தைலம் வாங்கிக் கொடுத்தனுப்பினார். அதுவும் என்னிடமே இருக்கிறது.

சில மாதங்களுக்குப் பிறகு மின்சார ரயிலில் அக்கா எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். தேர்வாய் கண்டிகையில் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறாராம். கை வெந்து வெளுத்திருந்தது. என் மனைவியை விசாரித்தார், அட்டைகளையும் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு கேக்கணும் நைனா. அது நெசமாவே வெல போற பொருளா? நான் குப்பைன்னு நெனச்சிதான் எடுத்தேன்.”

இல்லை அக்கா, அது குப்பைதான், பொய் சொன்னவன் நான்தான்... வார்த்தைகள் எல்லாம் வாய்வரை வந்தன. அவற்றைச் சொன்னால் அன்று வாசலில் நான் யாராக நின்றேன் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே!

“ஆமாக்கா” என்றேன். “வெல போவும்.”

மடியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அப்போ அவங்க மேல தப்பில்ல. நான்தான் திருடிக்கினு போயிருக்கேன்” என்றார்.

பொன்னேரி வந்தது. அக்கா இறங்கினார். என் வீடும் அங்கேதான்... நான் மீஞ்சூர் வரை போனேன்.