முன்வரிசை எசென்குல்

பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எசென்குல்லை வீட்டில் வைத்துச் சமாளிப்பது அவர் மனைவி சோனுனுக்குப் பெரும்பாடாகிவிட்டது. சூப்பில் உப்பை எப்போது போட வேண்டும் என்பதில் தொடங்கி, பசுவிடம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பது வரைக்கும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, குளிர் கடுமையாக இருந்த ஒரு நாள் சோனுன் அவர் தொப்பியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"லைப்ரரியில அடுப்பு நல்லா எரியுதாம். ஏதோ கூட்டமெல்லாம் நடக்குதாம். போய் அங்க உங்க கருத்தைச் சொல்லுங்க."

அவர் போனார். போனவர் திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது. அன்றிலிருந்து நூலக வாசல் பலகையில் ஜிபார் எழுதி வைக்கும் மாத நிகழ்ச்சிகளில் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை.

ஜிபார்தான் அந்த ஊர் நூலகத்தின் பொறுப்பாளர். நாற்பதைத் தொடாத வயது, நாக்கு மட்டும் நல்ல கூர்மை. புத்தகம் எடுக்க வருகிறவர்கள் குறைந்துபோனதால், மாவட்டக் கலாச்சார அலுவலகம் நிகழ்ச்சிகளை நடத்து, நடத்து என்று அவளை விரட்டிக்கொண்டிருந்தது. விதை பரிமாற்ற நாள், சதுரங்கப் போட்டி, குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம், பெரியவர்களுக்குக் கணினி வகுப்பு, இளம் தாய்மார் வட்டம், கவிஞர் சந்திப்பு என்று அவளும் எழுதிப்போட்டாள். ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். கூட்டம் என்று சொல்ல நாலு பேர் இருந்தால் பெரிது.

அந்தச் சிக்கலுக்கு வழி கண்டுபிடித்தவரே எசென்குல்தான்.

"ஜிபார், நீ இந்தப் பக்கமிருந்து ஒரு படம் எடு. நான் வெள்ளைத் தொப்பி போட்டுக்கறேன். அப்புறம் பின்னாடி போய் ரோமக் குல்லா போட்டு உட்கார்றேன், இன்னொன்னு எடு. கடைசியா வெறுந்தலை. ஆளு மூணாயிடுச்சா இல்லையா?"

"மீசை அப்படியே இருக்கே பைகே!" என்றாள் ஜிபார். அந்த ஊரில் பெரியவர்களை ஆண் என்றால் பைகே, பெண் என்றால் எஜே என்று கூப்பிடுவார்கள்.

"இந்த ஊர்ல யாருக்கு மீசை இல்ல?"

மாவட்ட அலுவலகத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜிபாருக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்ததே இதனால்தான். ஆனால் அந்தப் பாசம் நிகழ்ச்சி தொடங்கும் வரைக்கும்தான் தாக்குப்பிடிக்கும். ஏனென்றால் எசென்குல் முன்வரிசையில் அடுப்பை ஒட்டிய நாற்காலியில் உட்கார்வார், பேச்சாளர் மூச்சு வாங்கும் இடைவெளியில் கையைத் தூக்கிவிடுவார்.

மருத்துவமனையிலிருந்து ராபியா டாக்டர் வந்து இரத்த அழுத்தம் பற்றிப் பேசினாள். கொழுப்பைக் குறைக்கணும், உப்பைக் குறைக்கணும், நடக்கணும் என்று அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எசென்குல் கை தூக்கினார்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம். நேத்து பஜார்ல ஆட்டு வால் கொழுப்பை ரெண்டு கையாலயும் தூக்கி எடை பார்த்துக்கிட்டிருந்தது உங்க தங்கச்சியா? அச்சு அசல் உங்களை மாதிரியே இருந்துச்சு."

டாக்டருக்குத் தங்கச்சி கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

பிறகு நாரின் நகரத்திலிருந்து மெலிஸ் என்ற இளம் கவிஞன் வந்தான். தோளில் சால்வை, குரலில் நடுக்கம். தனிக்குதிரை ஒன்று மலைச்சரிவில் நின்று முழுநிலவைப் பார்த்துக் கண்ணீர் விடும் நீண்ட கவிதையைக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். கண்ணைத் திறந்தபோது எதிரில் எசென்குல்லின் கை.

"தம்பி, ரொம்ப நல்லா இருந்துச்சு. அந்தக் குதிரை எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சுன்னு மட்டும் சொல்லிடுப்பா."

"அது... அது ஒரு மனநிலைங்க பைகே."

"மனநிலை சரி. கிழக்கேயா, மேற்கேயா? காத்து மூஞ்சியில அடிச்சாலும் குதிரைக்குக் கண்ணுல தண்ணி வரும், அதுக்காகக் கேட்டேன்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மெலிஸ் மிச்சக் கவிதைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டான்.

எசென்குல் இளம் தாய்மார் வட்டத்துக்கும் போனார். "இங்க உங்களுக்கு என்ன வேலை?" என்று ஜிபார் வாசலிலேயே மறித்தாள். உள்ளே ஆறேழு குழந்தைகள் ஒரே சமயத்தில் வீறிட்டுக்கொண்டிருந்தன. எசென்குல் அவளைத் தாண்டிப் போய், நடுவில் உட்கார்ந்து, கண்களைப் பாதி மூடி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். பழைய பஸ் மூன்றாவது கியரில் மெதுவாக மேடு ஏறுகிற சத்தம். குழந்தைகள் ஒவ்வொன்றாக அழுகையை நிறுத்தின. வளைவு வந்ததுபோல் ஒரு குலுக்கல், பிறகு மறுபடியும் அதே முனகல். எல்லாம் தூங்கிவிட்டன. ஒரு தாயும் தூங்கிவிட்டாள். அன்றே தாய்மார்கள் அவரை வட்டத்தில் நிரந்தர உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஜிபாருக்கு ஒரு கஷ்டம் வந்தது. விருந்தினர்கள் வர மறுத்தார்கள். டாக்டருக்குத் திடீரென்று வேலை அதிகமாகிவிட்டது. மெலிஸ் தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்டான்.

"அந்த மீசைக்காரர் வருவாரா?"

"வருவாருன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப எனக்குக் காய்ச்சல்."

வசந்த மாத நிகழ்ச்சிப் பலகை எழுதும் நாள் வந்தும் 'சுவாரசியமான மனிதருடன் சந்திப்பு' என்ற வரிக்குக் கீழே எழுத ஆளில்லை. ஜிபார் தூரிகையை மையில் முக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

மறுநாள் எசென்குல் வழக்கம்போலப் பலகை முன் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தார். கணினி வகுப்பு, சரி. விதை பரிமாற்றம், சரி. சுவாரசியமான மனிதருடன் சந்திப்பு: எசென்குல், முன்னாள் பேருந்து ஓட்டுநர். அதன் கீழே தடித்த கோடு போட்டு: 'கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் அனைவரும் வருக.'

அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைக் கையால் தன் பெயரைத் தேய்த்தார். மை போகவில்லை, சட்டைதான் நீலமாயிற்று.

உள்ளே போனார். "ஜிபார், எனக்குத் தொண்டை கட்டியிருக்கும்மா."

"யாருக்கு? உங்களுக்கா?"

"அன்னைக்குப் பசு கன்னு போடற நாள் வேற."

"சோனுன் எஜேயைக் கேட்டுட்டேன். உங்க பசு போன மாசமே போட்டுடுச்சாமே!"

"நான் சாதாரண ஆளு. என்கிட்ட என்ன சுவாரசியம் இருக்கு?"

"அதைத்தான் பைகே நாங்களும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கோம்."

வேறு வழி தெரியாமல் எசென்குல் பஜாருக்குப் போனார். உருளைக்கிழங்கு விற்கிறவர்களிடம், ரொட்டிக் கடையில், முடிதிருத்தகத்தில், எல்லா இடத்திலும் போகிற போக்கில் சொல்லிவைத்தார்: "அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம் ரத்தாயிடுச்சாம்." அதுவரை அப்படியொரு கூட்டம் இருப்பதே யாருக்கும் தெரியாது. எசென்குல்லே ஒரு கூட்டத்துக்கு ஆள் வரக்கூடாதென்று அலைகிறார் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியது.

வெள்ளிக்கிழமை நூலகத்தில் நிற்க இடமில்லை. இளம் தாய்மார்கள் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். முன்வரிசையில் அடுப்பை ஒட்டி ராபியா டாக்டர், மடியில் ஒரு பை. அவளுக்குப் பக்கத்தில் மெலிஸ். காய்ச்சல் குணமாகியிருந்தது. கடைசி வரிசையில் தலையில் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு சோனுன். அவள் அந்த நூலகத்துக்குள் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை.

எசென்குல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் கூடம் வேறு மாதிரி இருந்தது. எல்லோருக்கும் கண்கள் இருந்தன.

"நான் இந்த ஊர்லதான் பொறந்தேன்," என்று தொடங்கினார். உடனே டாக்டர் கை தூக்கினாள்.

"பைகே, முகம் சிவந்திருக்கே. பேசறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாமா?"

பையிலிருந்து கருவி வெளியே வந்தது. எல்லோர் முன்னாலும் அவர் சட்டைக் கையைச் சுருட்டி, பட்டையைச் சுற்றி, காற்றடித்தாள். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் தலையை மெதுவாக ஆட்டினாள். "வால் கொழுப்பு எனக்கு மட்டுமில்ல போலிருக்கே!" கைதட்டல் வந்தது.

எசென்குல் சுதாரித்துக்கொண்டார். தன்னிடம் ஒரு கதை இருப்பது நினைவுக்கு வந்தது. எந்த விருந்திலும் தோற்காத கதை. தோலோன் கணவாயில் பனிப்புயலில் பஸ் சிக்கிக்கொண்டது, முன்னால் பின்னால் எதுவும் தெரியவில்லை, பயணிகள் அழுகிறார்கள், அவர் மட்டும் கலங்காமல் தன் ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்து, பாட்டுப் பாடித் தைரியம் சொல்லி, லாரி வரும் வரை அத்தனை உயிரையும் காப்பாற்றினார். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது, கைகள் இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்தன.

மெலிஸ் எழுந்தான். "ரொம்ப நல்லா இருந்துச்சு பைகே. பஸ்ஸு எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு?"

கூடம் அதிர்ந்தது. எசென்குல்லும் சிரித்துவிட்டார். "தெக்கால பார்த்துத்தான்பா. அதுக்கும் கண்ணுல தண்ணி வந்துச்சு."

சமாளித்துவிட்டோம் என்று அவர் தண்ணீர்க் குவளையை எடுக்கும்போதுதான் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"நானும் அந்த பஸ்ல இருந்தேன்," என்றாள் சோனுன். "புயலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்ல வெயிலு. டீசல் தீர்ந்துபோச்சு."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின, பிறகு ஒன்றாக முன்னால் திரும்பின.

"கல்யாணமாகி இத்தனை வருஷமா கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். இங்க யார் வேணாலும் கேக்கலாம்னு போட்டிருக்கு, கேக்கறேன். அன்னைக்கு டீசல் தானாத் தீர்ந்துச்சா, நீங்க தீர்த்தீங்களா?"

எசென்குல் குவளையைக் கீழே வைத்தார். "அளவு காட்டுற முள்ளு உடைஞ்சிருந்துச்சு."

"முள்ளு நல்லாத்தான் இருந்துச்சு. நான் உங்க பக்கத்து சீட்டுலதானே உட்கார்ந்திருந்தேன்!"

முன்வரிசையிலிருந்து யாரோ, "சொல்லிடுங்க பைகே!" என்றார்கள். அவர் மீசையை இழுத்தார், அடுப்பைப் பார்த்தார், ஜிபாரைப் பார்த்தார். ஜிபார் உதவுகிற மாதிரித் தெரியவில்லை. அவர் காதுகள் இரண்டும் சிவந்துவிட்டன.

"கொச்கோர்ல நீ ஏறினே," என்றார், கூடத்தையே மறந்து. "டாங்க்கில பாதிக்கும் கம்மிதான். பங்க்கில நிறுத்தினா எல்லாரும் இறங்குவாங்க. பின்னால ஒரு குண்டம்மா முன்சீட்டுக்குன்னு மொதல்லேர்ந்து அடி போட்டுக்கிட்டிருந்துச்சு. நீ இறங்கித் திரும்பி வர்றதுக்குள்ள அது வந்து உட்கார்ந்துடும். அதான்... நிறுத்தல. கணவாய் தாண்டிடும்னு நினைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. சோனுன் தலைத்துணியின் நுனியால் வாயை மூடிக்கொண்டாள்.

சுவரோரம் ஒருவர் சட்டென்று எழுந்தார். விறகு வியாபாரி ஜுமாஷ்.

"அடப்பாவி மனுஷா! அது உன் வேலையா? அன்னைக்கு எனக்குக் கல்யாணம்யா! மத்தியானம் போய்ச் சேர வேண்டியவன் இருட்டுன பிறகு போய் நிக்கிறேன். எங்க மாமனார், குடிச்சுட்டு எங்கயோ விழுந்து கிடந்துட்டு வந்திருக்கான்னு சொன்னாரு. இன்னைக்கு வரைக்கும் அதையேதான்யா சொல்றாரு!"

அதற்குப் பிறகு யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. ஜிபார் ஒரு நாற்காலி மேல் ஏறிக் கத்தித்தான் தேநீர் என்று அறிவிக்க முடிந்தது. பொரித்த மாவுத் துண்டுகளையும் ஆப்ரிகாட் ஜாமையும் சுற்றி நின்று ஊர் அந்த பஸ்ஸைப் பற்றியே பேசியது. அந்த பஸ்ஸில் தானும் இருந்ததாக இன்னும் நாலு பேருக்கு நினைவு வந்தது. வீடு திரும்பும்போது சேறு நிறைந்த இடங்களில் சோனுன் எசென்குல்லின் கையைப் பிடித்துக்கொண்டதை இளம் தாய் ஒருத்தி பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னாள்.

ஜிபார் நல்ல சந்தர்ப்பத்தை விடுகிறவள் இல்லை. அடுத்த மாதப் பலகையில் முதல் வரியே இதுதான்: 'தோலோன் கணவாயில் டீசல் தீர்ந்த பேருந்தின் பயணிகள் சந்திப்பு.' இருபத்தாறு பேர் உட்காரும் பஸ்ஸுக்கு எண்பது பேர் போல வந்தார்கள். அவர்களில் சிலர் அப்போது பிறந்தேயிருக்க மாட்டார்கள்.

ஜுமாஷ் தன் மாமனாரைக் காரில் கூட்டிவந்திருந்தார். தொண்ணூறு வயது, காது மந்தம், பார்வை மட்டும் கழுகு. அவரை நடுவில் உட்கார வைத்து, எசென்குல் எதிரில் மண்டியிட்டு அமர்ந்து, காதருகே வாயை வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தப்பு என்னுடையது, உங்க மருமகன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல, முன்சீட்டுப் பொண்ணுக்காக நான்தான் பஸ்ஸை நிறுத்தாம ஓட்டினேன், இதோ அந்தப் பொண்ணு என்று சோனுனையும் காட்டினார்.

கிழவர் சோனுனை மேலும் கீழும் பார்த்தார். எசென்குல்லைப் பார்த்தார். கடைசியில் மருமகன் பக்கம் திரும்பினார்.

"இந்த ஆளுக்கு எவ்வளவு சாராயம் வாங்கிக் குடுத்தே?"

ஜுமாஷ் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஜிபார் படம் எடுத்தாள்: எண்பது வாய்களும் திறந்திருந்தன.

படம் போன கையோடு மாவட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. இவ்வளவு கூட்டம் இதுவரை எந்த நூலகத்திலும் வந்ததில்லையே, என்ன நிகழ்ச்சி இது, எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று கேட்டார்கள்.

ஜிபார் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு," என்றாள்.